சாப்பிடப் போயிருக்கிறார்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான், அத்தான், வாண்டு மூன்று பேரும் இங்கே சௌக்கியம். வாண்டுக்கு மட்டும் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு, உன் மனைவிக்கு வாந்தி நின்றதா, எதையும் நீ போனில் உருப்படியாகச் சொல்வதில்லை. நாம் பேச ஆரம்பித்தால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிடுகிறாள். இந்த விஷயம் அவள் காதுக்குப் போகக் கூடாது. அதனால்தான் கடிதம்.

என் பார்மசிஸ்ட் லைசென்ஸ் மார்ச் கடைசியோடு முடிகிறது. இந்தத் தடவை புதுப்பிக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

குதிக்காதே, முழுதும் படி. மே மாதம் எனக்கு இங்கே இரண்டாவது தேர்வு. அதில் தேறிவிட்டால் நம் ஊர் பார்மசி கவுன்சிலிடம் ஒரு சான்றுக் கடிதம் கேட்பார்கள். என்மேல் புகார் எதுவும் இல்லை, அந்த லைசென்ஸில் எங்கேயும் வேலை நடக்கவில்லை என்று இருக்க வேண்டும். நானும் அப்படியே உறுதிமொழி கொடுக்க வேண்டும். நம் மருந்துக்கடைச் சுவரில் என் சான்றிதழும் போட்டோவும் தொங்கும்போது எந்த முகத்தோடு கொடுப்பேன்? அதே சமயம், லைசென்ஸை விட்டுவிட்டுத் தேர்விலும் கோட்டைவிட்டால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. இங்கே ஒரு மருந்துக்கடையில் அலமாரி அடுக்குகிறேன் என்று சொன்னேனே, அங்கே நான் பெட்டியைத் தொடலாம், வாடிக்கையாளரிடம் நீட்டக் கூடாது. ஒரு கிழவி என்னிடம் இருமல் மருந்து எது என்று கேட்டாள். தெரியாது என்று தலையாட்டினேன். அன்று பாத்ரூமில் போய் அழுதேன்.

டெய்லர் மாஸ்டரின் விரல் வீக்கம் எப்படி இருக்கிறது? அவருடைய மாத்திரைகளில் கவனமாக இரு. மூட்டுவலி மாத்திரை வாரத்துக்கு ஒன்று, கூடப் போகிற வைட்டமின் தினம் ஒன்று. இரண்டும் குட்டி மஞ்சள். வார மாத்திரையை ஸ்டிரிப்பாகத் தூக்கிக் கொடுக்காதே. மாதத்துக்கு நான்கு வெட்டி, கவர்மேல் 'ஞாயிறு மட்டும்' என்று சிவப்பில் எழுது.

பதில் போடு. மழுப்பாதே.

உன் அக்கா

*

பிப்ரவரி 1

அன்புள்ள அக்காவுக்கு,

தண்டச்சோறு எழுதுவது. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்கி விளையாடுகிறது. புதுப்பெண்ணுக்கு வாந்தி நின்றுவிட்டது, இப்போது மாங்காய் கேட்கிறாள். (கல்யாணமாகி நான்கு வருஷம் ஆனாலும் நீ வைத்த பெயர் போகவில்லை.) அத்தானையும் வாண்டையும் கேட்டதாகச் சொல்.

நீ சாப்பிடப் போய் மூன்று வருஷமாகிறது, தெரியுமா? போன வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். உன் வெள்ளைக் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டி வைத்திருக்கிறேன் அல்லவா, அதையே பார்த்தார்.

"பார்மசிஸ்ட் எங்கப்பா?"

"சாப்பிடப் போயிருக்காங்க சார்."

"போன தடவையும் சாப்பிடத்தானே போயிருந்தாங்க?"

"அவங்களுக்குக் கொஞ்சம் பசி ஜாஸ்தி சார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போய்விட்டார்.

நீயும் சிரித்திருப்பாய். இப்போது சிரிக்காமல் கேள். லைசென்ஸ் போனால் மறுநாள் காலை கடை போனது. எனக்கு வேறு என்ன தெரியும்? பன்னிரண்டாவதைத் தாண்டுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளியது உனக்கே தெரியும். அப்பா போன பிறகு உன் படிப்பில் எழுந்த கடை அது. ஆவணி வந்தால் எனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது அக்கா. ஒரே ஒரு தடவை புதுப்பித்துக் கொடு. அதற்குள் ஏதாவது செய்கிறேன்.

மாஸ்டர் சௌக்கியம். விரல் மடங்குகிறதாம், ஊசியில் நூல் கோக்க முடிகிறதாம். உன் போட்டோவைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் மருந்து வாங்குகிறார். நான் என்னவோ கோயில் குருக்கள் மாதிரி.

தம்பி

*

பிப்ரவரி 19

தம்பிக்கு,

சௌக்கியம், சௌக்கியமறிய ஆவல். உன் கடிதத்தைப் படித்து அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது.

இரண்டு வாரம் யோசித்துவிட்டேன். புதுப்பிக்கப் போவதில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப மாட்டேன். நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. உனக்குத் தெரியாததை உன்னால் எப்படிப் பார்க்க முடியும்? நீ கொடுக்கிற ஒவ்வொரு மாத்திரையும் என் பெயரில் போகிறது. இங்கே அலமாரியில் பெட்டியை அடுக்கும்போதெல்லாம் அங்கே நீ எதை எடுத்து யாருக்கு நீட்டிக்கொண்டிருக்கிறாயோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

என்னோடு படித்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். யாராவது ஒருவரைச் சம்பளத்துக்கு வை. கடையில் நிஜமாகவே உட்காரட்டும். லாபம் குறையும். குறைந்தால் குறையட்டும். உனக்கு மார்ச் கடைசிவரை நேரம் இருக்கிறது.

என்னைத் திட்டிக்கொள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

*

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

மூன்று பேரைக் கேட்டேன். ஒருவர் ஆஸ்பத்திரி வேலையை விட மாட்டேன் என்றார். ஒருவர் சான்றிதழை மட்டும் தருகிறேன், ஆள் வர மாட்டேன் என்றார். அதற்கு நீயே மேல் இல்லையா? மூன்றாவது ஆள் போனையே எடுக்கவில்லை.

அம்மா கேட்கிறாள், ஏன் நீ முன்னைப்போல் போனில் சிரித்துப் பேசுவதில்லை என்று. படிப்பு என்று சொல்லி வைத்தேன். நீ நன்றாகப் படி. கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 5

அன்புத் தம்பிக்கு,

இங்கே குளிர் விட்டிருக்கிறது, வாண்டுக்கு மூக்கும் நின்றிருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

தேதி தாண்டிவிட்டது. நான் கையெழுத்துப் போடவில்லை. கடையை மூடியிருப்பாய், அம்மாவிடம் எப்படிச் சொன்னாயோ என்று தவித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "அவனுக்கென்னடி, கடையில கூட்டம் தாங்கல" என்று அம்மா சொல்கிறாள். எப்படி? யாரை வைத்திருக்கிறாய்? உன்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னால் "சரிக்கா, சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய்.

ஒரு வரி எழுது. யார் அந்த பார்மசிஸ்ட்? என் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டாயா?

அக்கா

*

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். புதுப்பெண்ணை மாதாமாதம் டாக்டரிடம் காட்டுகிறோம், குழந்தை நன்றாக வளர்கிறதாம். அம்மா இப்போதே தொட்டில் துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். நேரில் சொன்னால்தான் புரியும். நீ தேர்வு எழுதப் போகிற நேரத்தில் இதையெல்லாம் மண்டையில் ஏற்றிக்கொள்ளாதே. மாஸ்டர் கடை கொஞ்ச நாளாகப் பூட்டியிருக்கிறது. தீபம் ஏற்றி வைத்து நீ தேற வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொள்கிறாள். நானும்தான்.

தம்பி

*

ஜூன் 3

டேய் தம்பி!

தேறிவிட்டேன்! முடிவு வந்தபோது கையில் பேப்பர் ரோல் பெட்டி இருந்தது. அப்படியே கீழே போட்டேன். சூப்பர்வைசர் ஓடி வந்தாள், நான் அவளைக் கட்டிக்கொண்டேன், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். இனி என்னிடம் இருமல் மருந்து கேட்டால் எடுத்து நீட்டுவேன்டா, எது, எத்தனை வேளை, எல்லாம் சொல்லி நீட்டுவேன்.

இன்னும் ஒரே ஒரு தாள்தான் பாக்கி, நம் ஊர்க் கவுன்சிலின் சான்றுக் கடிதம். விண்ணப்பித்துவிட்டேன். மார்ச்சோடு லைசென்ஸை விட்டுவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். நல்லவேளை, விட்டேன். உன்மேல் கோபம் எல்லாம் போய்விட்டது. அந்த ஏற்பாடு என்னவென்று மட்டும் சொல், போதும்.

மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா? கடையைப் பூட்டுகிற ஆளில்லையே அவர். நான் தேறிவிட்டேன் என்று அவரிடம் சொல். கல்லூரிக்கு முதல் வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்தவர்.

அம்மாவுக்கு முத்தம்.

அக்கா

*

ஜூன் 27

தம்பிக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

கவுன்சிலிலிருந்து பதில் வந்திருக்கிறது. சான்றுக் கடிதம் தர முடியாதாம். என் லைசென்ஸ் மார்ச் 28 அன்று முறையாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதாம். அந்த லைசென்ஸின்மேல் ஒரு புகார் நிலுவையில் இருக்கிறதாம். இரண்டின் நகலும் இணைத்திருக்கிறார்கள்.

விண்ணப்பத்தில் என் கையெழுத்து இருக்கிறது. நான் போடுவதைவிட அழகாக இருக்கிறது.

புகாரை நான்கு தடவை படித்தேன். டெய்லர் மாஸ்டரின் மனைவி கொடுத்தது. மாஸ்டர் ஏப்ரல் 24 அன்று இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறது. இறந்து ஒரு வாரம் கழித்து நீ எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். கடை பூட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய்.

என்னிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள். புதுப்பித்த விண்ணப்பத்தில் இருப்பது என் கையெழுத்தா? மூன்று வருஷமாக நான் எங்கே இருந்தேன்? ஆகஸ்ட் பத்துக்குள் பதில் போக வேண்டும்.

என்ன கொடுத்தாய் அவருக்கு? எனக்குத் தெரியும். உன் வாயால் சொல்.

அக்கா

*

ஜூலை 18

அக்கா,

போனை எடுக்காததற்குத் திட்டாதே. உன் குரலைக் கேட்டால் என்னால் பேச முடியாது.

கையெழுத்து நான் போட்டதுதான். ஆள் கிடைக்கவில்லை. கடையை மூடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லத்தான் உள்ளே போனேன். அவள் தொட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் வந்துவிட்டேன். மறுநாள் போட்டேன்.

மாஸ்டர் ஏப்ரல் முதல் வாரம் வந்தார். நல்ல கூட்டம். நீ எப்போதும் மாத்திரையைக் கவரில் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் மேலே எழுதுவாய். நான் அவசரத்துக்கு இரண்டு கவரிலும் முதலிலேயே எழுதி வைத்துவிட்டு, பிறகு மாத்திரையைப் போட்டேன். ஒரு கையில் போன் வேறு. நான்கு வெட்டவில்லை, ஸ்டிரிப்பாகவே போட்டேன். வார மாத்திரை 'தினம் ஒன்று' கவரில் போய்விட்டது. வைட்டமின் 'ஞாயிறு மட்டும்' கவரில்.

அவர் பிரித்துப் பார்த்தார் அக்கா. "என்னப்பா, மாத்திரை வேற மாதிரி இருக்கே?" என்றார்.

"கம்பெனி மாறியிருக்கு மாஸ்டர், மருந்து அதேதான்" என்றேன். அது உண்மை. இரண்டுமே அந்த மாதம் புது கம்பெனி.

"சரி சரி. அந்தப் பொண்ணு போட்டோ இருக்கிற கடை, தப்பாப் போகாது" என்றார்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியவில்லை என்றார். சூடு என்று நினைத்தேன். தடவக் களிம்பு கொடுத்து அனுப்பினேன். களிம்பு கொடுத்தேன் அக்கா. வாய்ப்புண் என்றால் அந்த மாத்திரை உடம்பில் கூடிவிட்டது என்று அர்த்தமாம், ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். அதற்குள் ரத்தத்தில் அணுக்களே மிச்சமில்லை என்றார்கள்.

அவர் போனபோது நான் தூக்கினேன். நான்கு பேரில் ஒருவனாகத் தோள் கொடுத்தேன். கவர் மாறியது என் கையால் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கவரை அந்த அம்மாள் பத்திரமாக எடுத்து வைத்திருந்திருக்கிறாள்.

வக்கீலைப் பார்த்தேன். கையெழுத்து உன்னுடையது என்று நீ எழுதினால் இது கவுன்சில் விவகாரமாக முடிந்துவிடுமாம், லைசென்ஸ் போகும், அபராதம் வரும். உன்னுடையது இல்லை என்றால் போலீஸ். போலிக் கையெழுத்து, லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்று ஒரு சாவு. வருஷக்கணக்கில் உள்ளே என்கிறார்.

உன்னுடையது என்று எழுது அக்கா. நீ தூரத்தில் இருக்கிறாய், உன்னை யாரும் இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அத்தானுக்கு வேலை இருக்கிறது. அலமாரி அடுக்குவது உனக்குப் பழகிவிட்டது. நான் எழுதுவது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த மாதம் குழந்தை பிறக்கிறது. காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 4

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது உன் மனைவி எப்படி இருப்பாளோ தெரியவில்லை. நல்லபடியாகப் பிள்ளை பெற்றெழ வேண்டும் என்று நான் கும்பிடாத தெய்வம் இல்லை. இதை நீ நம்ப மாட்டாய்.

முதலில் 'என்னுடையது' என்றுதான் எழுதினேன். கவரில் போட்டு ஒட்டியும்விட்டேன். நீதானே, உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா என்றுதான் இருந்தது. என் படிப்பு போனால் போகட்டும் என்று ஒரு மதியம் முழுக்க மனசைத் தேற்றிக்கொண்டேன். அத்தான் "உன் தம்பி, உன் பேரு. நீ எழுதறதுதான்" என்றார்.

பிறகு புகாரை ஐந்தாவது தடவை படித்தேன். யாரோ ஒரு வக்கீல் எழுதிக் கொடுத்த கடிதம்தான் அது. கடைசியில் மட்டும் அந்த அம்மாள் தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள். பணம் கேட்கவில்லை, தண்டனை கேட்கவில்லை. "போட்டோவில் இருக்கிற பொண்ணுதான் என் வீட்டுக்காரருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்ததா என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாள்.

அதற்கு நான் ஆமாம் என்று சொல்ல வேண்டுமாடா? என்னால் முடியவில்லை. எத்தனையோ முயற்சி செய்து பார்த்தேன். உனக்காகச் சாகச் சொன்னால் செத்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவளிடம் இந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை.

நான் அங்கே இருந்திருந்தால், அவர் வாயைத் திறந்து காட்டிய அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். முறிவு மருந்து இருக்கிறது. அன்று கொடுத்திருந்தால் இன்று தைத்துக்கொண்டிருப்பார். பார்மசிஸ்ட் எதற்கு என்றால் இதற்குத்தான். அந்த இடத்தில் நாம் இருவரும் சேர்ந்து ஒரு போட்டோவை மாட்டி வைத்தோம்.

ஒட்டியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். கையெழுத்து என்னுடையது அல்ல. மூன்று வருஷமாக நான் வெளிநாட்டில் இருக்கிறேன். என் சான்றிதழ் அந்தக் கடையில் தொங்கியது எனக்குத் தெரியும், மார்ச்வரை என் சம்மதத்தோடுதான் தொங்கியது. மூன்றையும் எழுதினேன். இரண்டாவதும் மூன்றாவதும் என்னை முடித்துவிடும். சான்றுக் கடிதம் இனி எந்தக் காலத்திலும் வராது. தேறிய தேர்வு தேறியபடியே கிடக்கட்டும். நான் தப்பித்துக்கொண்டு உன்னை மாட்டிவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. அப்படி நினைத்தாலும் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

நேற்று பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்: அந்தத் தபால் போய்ச் சேர்வதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு. தானாகச் சொன்னவனுக்குக் கொஞ்சம் குறைப்பார்களாம், விசாரித்தேன். ஓடு தம்பி. இன்றைக்கே போ.

உன் அக்கா

*

நவம்பர் 11

அக்காவுக்கு,

ஜாமீனில் வெளியே வந்து ஒரு வாரமாகிறது. உன் கடிதம் கிடைத்த அன்றே போனேன். எனக்கு முன்னால் உன் தபால் போயிருந்தது. அதனால் நானாகச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். உன் படத்தையும் சான்றிதழையும் ஆதாரம் என்று எடுத்துப் போனார்கள். உன் லைசென்ஸை ரத்து செய்த தகவல் உனக்கும் வந்திருக்கும். இங்கே நாளிதழில் நம் இருவர் பெயரும் ஒரே வரியில் வந்தது.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. நான் செய்ததைக் கேட்டு அழுதாள். நீ எழுதியதைக் கேட்டபோது அழவில்லை. "கூடப் பிறந்தவளா அவ?" என்றாள். அதற்கப்புறம் உன்னைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் எழுந்து போய்விடுகிறாள். நீ அடிப்பது கேட்கிறது அக்கா. நானும் எடுப்பதில்லை.

நீ எழுதியது சரி. மாஸ்டர் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் சரி என்றுதான் தோன்றுகிறது. என் வீட்டு வாசலுக்கு வந்தால் அப்படித் தோன்றவில்லை. இரண்டும் ஒன்றாகிற நாள் வரும்வரை எனக்கு எழுதாதே. வராமலே போனாலும் போகலாம்.

குழந்தை பிறந்துவிட்டது. பெண். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அப்படியே அத்தை ஜாடை என்கிறார்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் மட்டும் யாரும் சொல்வதில்லை.

தம்பி